கணினியில் கட்டுரை திருத்தக் கற்பித்தல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை, பள்ளிக் கணினிக் கூடத்தில் தமிழ்க் கட்டுரை எழுதவும் திருத்தவும் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கான கையேடு இது. லிப்ரே ஆபிஸ் ரைட்டரை வைத்து எழுதியிருக்கிறோம். அது இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி இயங்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் வழி மாறும் இடங்களை மட்டும் தனியாகச் சொல்கிறோம்.

கூடத்தில் வரும் சிக்கல்கள் இரண்டு வகை. ஒன்று இயந்திரச் சிக்கல்: எழுத்து தெரியவில்லை, தேடினால் கிடைக்கவில்லை, கோப்பைக் காணோம். இன்னொன்று எழுத்துச் சிக்கல்: திருத்தியதாகச் சொல்கிறார்கள், ஆனால் கட்டுரை மாறவில்லை. முதல் வகையை ஒரு பிற்பகலில் தீர்த்துவிடலாம். அதைத் தீர்த்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவதால் இரண்டாவது வகை ஆண்டு முழுக்க அப்படியே கிடக்கிறது. அதனால் முதல் வகையை வேகமாகக் கடந்துவிடுவோம்.

அறிகுறி: கோப்பைத் திறந்தால் தமிழே தெரியவில்லை

எப்படித் தெரியவில்லை என்று முதலில் பாருங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா இரண்டும் தாமாக வருவதில்லை. அமைப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய், தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். அல்லது கூடம் முழுவதும் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவிவிடுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்துரு இருந்தால், கோப்பு இடம் மாறும்போது பக்க அளவும் மாறாது.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உரிய எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம். ஆனால் தேடல், பிழைதிருத்தி எதுவும் வேலை செய்யாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எளிய உரைக் கோப்பு உச்சிக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் கோப்பில் கோளாறு இல்லை, திறந்த முறையில்தான் கோளாறு. திறக்கும் பெட்டியில் கோப்பு வகையாக ‘டெக்ஸ்ட் – சூஸ் என்கோடிங்’ தேர்ந்து, யூடிஎஃப்-8 கொடுங்கள்.

அறிகுறி: எழுத்துருவையோ அளவையோ மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசையவில்லை

ரைட்டர் தமிழைச் ‘சிக்கலான உரை அமைப்பு’ என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. சுருக்கமாக சிடிஎல். பாணியில் மேலை எழுத்துக்கு ஓர் எழுத்துரு, சிடிஎல்லுக்கு வேறொன்று. டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் மொழி அமைப்புகளில் சிடிஎல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இயல்பான பத்திப் பாணியைத் திறந்து, சிடிஎல் எழுத்துருவையும் 12 அளவையும் கொடுங்கள். வரி இடைவெளியை 1.5 ஆக்குங்கள், தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் உறுப்புகள் இருப்பதால் ஒற்றை இடைவெளி கண்ணை உறுத்தும். இதை வார்ப்புருவாகச் சேமித்து எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டால், இந்தக் கேள்வி மறுபடி வராது.

அறிகுறி: தமிழ் விசைப்பலகை சேர்த்தாயிற்று, ஆனால் வேறு வேறு எழுத்து விழுகிறது

விண்டோஸ் முதலில் கொடுப்பது இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. பிள்ளைகள் பழகுவது 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ் 99. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்து, அதன் கீழ் தமிழ் 99-ஐச் சேர்த்து, இன்ஸ்கிரிப்டை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் விண்டோஸ் விசை + இடைவெளிப்பட்டை அழுத்தும்போதெல்லாம் யாராவது தவறானதில் போய் நிற்பார்கள்.

இதன் கிளைச் சிக்கல், வேண்டாத இடத்தில் புள்ளி விழுவது. தமிழ் 99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைக்கும். ‘அம்மா’ அடிக்க அது வசதி. ‘நந்தவனம்’, ‘தத்துவம்’ அடிக்கும்போது அதுவே தொல்லை. முதல் எழுத்தை அடித்ததும் அகர விசையை ஒருமுறை அழுத்திவிட்டுத் தொடர்ந்தால் புள்ளி விழாது. இந்த ஒரு விதியை விசைப்பலகைப் படத்தின் கீழே எழுதி ஒட்டி வையுங்கள்.

அறிகுறி: கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் ‘கிடைக்கவில்லை’ என்கிறது

பெரும்பாலும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில்தான் கோளாறு. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ‘கௌ’ வேண்டிய இடத்தில் ‘கெ’ அடித்து ‘ள’ சேர்ப்பதும், ‘ஔவை’யை ‘ஒ’, ‘ள’, ‘வை’ என்று அடிப்பதும் இதே குடும்பம்.

சோதனை எளிது. எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். ‘கொ’ நேராக ‘க’ ஆனால் சரியாக அடித்தது. ‘கெ’ என்று நின்றால் இரண்டு துண்டு. கண்ட்ரோல் + ஹெச் அழுத்தி, துண்டாக உள்ளதை நகலெடுத்து மேல் கட்டத்திலும், சரியானதைக் கீழ்க் கட்டத்திலும் வைத்து மொத்தமாக மாற்றுங்கள். ‘கெள’ விஷயத்தில் மட்டும் மொத்தமாக மாற்ற வேண்டாம். ‘கெளுத்தி மீன்’ ‘கௌுத்தி’ ஆகிவிடும்.

அறிகுறி: பக்கமெல்லாம் சிவப்புக் கோடு

தமிழ்ச் சொல் பின்னொட்டுகளை ஏற்றுக்கொண்டே போகும். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ போன்ற வடிவங்களை எல்லாம் எந்த அகராதியும் பட்டியலிட்டு வைக்க முடியாது. அதனால் சரியான சொல்லுக்கும் கோடு விழும். விழுந்தால் பிள்ளை என்ன செய்யும்? கோடு மறையும் வரை சொல்லை மாற்றிக்கொண்டே இருக்கும். சரியாக இருந்ததைப் பிழையாக்கிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகும்.

ஷிஃப்ட் + எஃப்7 அழுத்தித் தானியங்கிப் பிழை காட்டலை நிறுத்துங்கள். கடைசிச் சுற்று வரை அது தேவையில்லை. கடைசிச் சுற்றில் இணையம் இருந்தால் எழுத்துப்பிழைக்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய ‘வாணி’யும், சந்திப்பிழைக்கு அவருடைய ‘நாவி’யும் பயன்படும். அவை தருவது பரிந்துரைதான்; ஏற்கலாமா என்று கேட்டுப் பழக்குவது உங்கள் வேலை.

அறிகுறி: தட்டச்சு மெதுவாக இருப்பதால் கட்டுரையே குட்டையாகிவிட்டது

கையால் ஒன்றரைப் பக்கம் எழுதும் பிள்ளை, கணினியில் ஆறு வரியோடு நிறுத்திவிடும். சிந்தனை வறண்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் மறந்துபோகிறது. சிலர் அடிக்கக் கடினமான சொல்லை விட்டுவிட்டு எளிதானதைப் போடுவார்கள்.

முதல் வரைவைக் கணினியில் எழுதச் சொல்லாதீர்கள். தாளில் எழுதட்டும். அடிக்க வேண்டியது ஒரு பத்தி மட்டும். தட்டச்சுப் பயிற்சி தனியே நடக்கட்டும், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 8 நிமிடம் போதும்.

தட்டச்சு வரும் வரை திருத்தத்தைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. ஆசிரியர் முன்பே அடித்துவைத்த ஒரு சுமாரான கட்டுரையைக் கொடுங்கள். பத்தி இடமாற்றம், வாக்கிய வெட்டு, இரண்டை ஒன்றாக்கல் எல்லாம் சுட்டெலியாலேயே முடியும் வேலைகள். சொந்தக் கட்டுரையில் ஒரு வரியை வெட்ட மனம் வராத பிள்ளை, யாரோ எழுதியதைத் தயங்காமல் வெட்டும். அந்தத் துணிச்சல் முதலில் வரட்டும்.

இணையம் உள்ள கூடத்தில் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு தமிழைப் புரிந்துகொள்ளும். வெளிவருவது பேச்சு நடையில், நிறுத்தக்குறிகள் இல்லாமல் இருக்கும். அதை எழுத்து நடைக்கு மாற்றுவதே ஒரு வகுப்புக்கான நல்ல திருத்தப் பயிற்சி.

அறிகுறி: ‘திருத்திவிட்டேன்’ என்கிறார்கள், கட்டுரை அப்படியே இருக்கிறது

இதுதான் முதன்மையான நோய். முதலில் உறுதி செய்யுங்கள். இரண்டாவது வரைவைத் திறந்து, எடிட் → ட்ராக் சேஞ்சஸ் → கம்பேர் டாக்குமென்ட் போய் முதல் வரைவைக் காட்டுங்கள். மாறியதெல்லாம் வண்ணத்தில் தெரியும். வேர்டில் ரிவ்யூ → கம்பேர். மாற்றங்களை நான்காகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: எழுத்து, சொல், வாக்கியம், பத்தி. தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே முதல் இரண்டு பெட்டியில் விழும். எண்ண வேண்டியது மாணவரே. ஆசிரியர் எண்ணிச் சொன்னால் அது மதிப்பெண் போலக் காதில் விழும்.

அமெரிக்காவில் லெஸ்டர் ஃபெய்க்லியும் ஸ்டீபன் விட்டியும் 1981-இல் திருத்தங்களை இப்படித்தான் மேற்பரப்பு மாற்றம், பொருள் மாற்றம் என்று பிரித்துக் காட்டினார்கள். அது தாளில் எழுதிய காலத்துப் பிரச்சினை. கணினி அதைக் கூட்டிவிட்டது. ஓர் எழுத்தை மாற்ற ஒரு நொடி போதும், மாற்றிய இடத்தில் அடித்த தடமும் இருக்காது. பக்கம் அச்சுப் போல நேர்த்தியாக நிற்பதால், ‘முடிந்துவிட்டது’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. திரையில் ஒரு நேரத்தில் இருபது வரிகூடத் தெரியாததால், மூன்றாம் பத்தியும் ஏழாம் பத்தியும் ஒன்றையே சொல்வது கண்ணில் படுவதில்லை.

மருந்து, திருத்தத்தை மூன்று சுற்றாகப் பிரிப்பது. ஒரு சுற்றில் இன்னொரு சுற்றின் வேலையைத் தொடக்கூடாது. இந்தத் தடைதான் முறையின் உயிர்.

*முதல் சுற்று: பத்தி.* எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பத்திக்கும் கண்ட்ரோல் + ஆல்ட் + சி அழுத்தி, அந்தப் பத்தி சொல்வதை ஒரே வரியில் குறிப்பாக எழுத வேண்டும். இரண்டு குறிப்பு ஒன்று போல இருந்தால் பத்திகளை இணைக்கலாம். ஒரே வரியில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தியில் இரண்டு விஷயம் இருக்கிறது, பிரிக்கலாம். குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் வரிசை சரியா என்று தெரிந்துவிடும். பத்தியை நகர்த்த, சுட்டியை அதில் வைத்து கண்ட்ரோல் + ஆல்ட் + மேல் அல்லது கீழ் அம்பு. வேர்டில் ஆல்ட் + ஷிஃப்ட் + அம்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய இன்டெல் வரைகலை இயக்கி உள்ள கணினிகளில் கண்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பு திரையையே தலைகீழாகக் கவிழ்த்துவிடும். வகுப்பு அதோடு கலகலத்துப் போகும். கண்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு அழுத்தினால் நிமிரும். முன்கூட்டியே இன்டெல் வரைகலை அமைப்பில் ‘ஹாட் கீஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள்.

பத்தி இடம் மாறியதும் அதன் முதல் வாக்கியத்தையும், அது விட்டுப்போன இடத்தில் அடுத்து நிற்கும் வாக்கியத்தையும் படிக்கச் சொல்லுங்கள். ‘இதனால்’, ‘மேற்கூறியவாறு’, ‘அவர்’ போன்ற சொற்கள் யாரைச் சுட்டுகின்றன என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கும்.

*இரண்டாம் சுற்று: வாக்கியம்.* ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் என்டர் தட்டி, ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாக நிறுத்த வேண்டும். கோப்பின் நகலில் செய்வது நல்லது. இப்போது மூன்று விஷயம் பளிச்சென்று தெரியும். எல்லா வரியும் ஒரே நீளம். பாதி வரிகள் ‘மேலும்’, ‘எனவே’, ‘நாம்’ என்று தொடங்குகின்றன. மீதி எல்லாம் ‘வேண்டும்’ அல்லது ‘ஆகும்’ என்று முடிகின்றன. கண்ட்ரோல் + எஃப் போட்டு ‘வேண்டும்’ என்று தேடி, ‘ஃபைண்ட் ஆல்’ அழுத்துங்கள். நமது பள்ளிக் கட்டுரைகள் அறிவுரையாலேயே கட்டப்பட்டவை என்பதைத் திரையே காட்டிவிடும்.

மழைநீர் சேகரிப்பு பற்றிய ஒரு மாதிரிப் பத்தி:

‘நீர் மிகவும் முக்கியமானது ஆகும். நீரை நாம் சேமிக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பை அனைவரும் அமைக்க வேண்டும். கோடையில் தண்ணீர் பஞ்சம் வருகிறது. எனவே மழைநீரைச் சேமிக்க வேண்டும்.’

சுற்றுகள் இல்லாமல் விட்டால் நடப்பது: ‘தண்ணீர் பஞ்சம்’ ‘தண்ணீர்ப் பஞ்சம்’ ஆகும், ‘மிகவும்’ ‘மிக மிக’ ஆகும். அவ்வளவுதான்.

வரிவரியாக நிறுத்திப் பார்த்தால் இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றே என்று தெரியும், ஒன்று போகலாம். செய்தி உள்ள ஒரே வரி நான்காவது. அது முதலில் வரலாம். பிறகு அந்த வரியைப் பார்த்துக் கேள்வி: எங்கே, எப்போது, எவ்வளவு?

‘சித்திரை பிறந்தால் எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஐப்பசியில் அதே தெருவில் மழைநீர் தேங்கிச் சாக்கடைக்குப் போகிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். அதில் பாதியைக் கிணற்றுக்குத் திருப்பினாலும் போதும்.’

‘வேண்டும்’ ஒன்றுகூட இல்லை. ஆனால் செய்ய வேண்டியது என்னவென்று படிப்பவருக்குத் தெரிகிறது. இந்த முன்–பின் ஜோடியைப் பெரிய திரையில் காட்டி, எந்த வரி எங்கே போனது என்று கேட்டால் ஒரு பாடவேளை போவதே தெரியாது.

*மூன்றாம் சுற்று: எழுத்து.* சந்தி, ர–ற, ல–ள–ழ, ன–ண. இப்போதுதான் பிழைதிருத்தி. வெட்டிப்போன வாக்கியத்தின் பிழைகளைத் திருத்தி நேரம் வீணாகாமல் இருப்பதும் இந்த வரிசையின் ஆதாயம்.

கணினி எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டால்: ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், சொற்செயலியின் (ரைட்டர், வேர்டு போன்றவை) விளைவளவு, அதாவது பலன் எவ்வளவு பெரிது என்று காட்டும் எண், 0.55; திட்டமிடவும் திருத்தவும் வழிமுறைகளை நேரடியாகச் சொல்லித்தருவதன் விளைவளவு 0.82. இலக்கணத்தைத் தனியே நடத்துவதற்கு எதிர்மறை எண் வந்தது. கணினியோடு சுற்றுகளும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாதம் இல்லை. அவை ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைகளைப் பற்றிய எண்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: ஆசிரியர் திருத்தியதை ‘அக்செப்ட் ஆல்’ போட்டுவிட்டு எழுந்துபோகிறார்கள்

வரிக்குள் புகுந்து நீங்கள் திருத்தினால் அவர்களுக்கு மிச்சமிருக்கும் வேலை ஒரு சொடுக்குதான். உரையில் கை வைக்காதீர்கள். ஓரக் குறிப்பு மட்டும், ஒரு கட்டுரைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். குறிப்பு கேள்வியாக இருக்கட்டும். ‘விரிவாக எழுதவும்’ என்பதற்கு எந்தப் பிள்ளையும் எதுவும் செய்ததில்லை. ‘குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது?’ என்றால் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்.

மாற்றப் பதிவை (ட்ராக் சேஞ்சஸ்) மாணவரின் தடத்தைப் பார்க்க மட்டும் வையுங்கள். பொதுக் கணினியில் எல்லோருடைய மாற்றமும் ஒரே பெயரில், ஒரே வண்ணத்தில் விழும். டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → யூசர் டேட்டாவில் உட்காருபவரின் வகுப்பு வரிசை எண்ணைப் போட்டுத் தொடங்கினால் பிரித்தறியலாம். பதிவை அணைத்துவிடும் பிள்ளைகளுக்கு எடிட் → ட்ராக் சேஞ்சஸ் → புரொடெக்ட் உண்டு. கடவுச்சொல்லை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முதல் வரைவைக் காணோம்

அதே கோப்பில் மேலெழுதிச் சேமித்துவிட்டார்கள். முதல் வரைவு இல்லையென்றால் ஒப்பிட முடியாது, மேலே சொன்ன முறை மொத்தமும் நின்றுவிடும். பெயரிடும் விதி ஒன்று வையுங்கள்: ‘9ஆ-17-மழைநீர்-1’ (வகுப்பு, வரிசை எண், தலைப்பு, வரைவு எண்). வகுப்பு தொடங்கியதும் முதல் வேலை, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்திக் கடைசி எண்ணைக் கூட்டுவது. ரைட்டரின் ஃபைல் → வெர்ஷன்ஸ் ஒரே கோப்புக்குள் பல வரைவுகளை வைத்துக்கொள்ளும். ஆனால் வேர்டு வடிவத்தில் சேமித்தால் அவை போய்விடும். எனவே அதை நம்பாமல் எண் முறையையே வைத்துக்கொள்ளலாம்.

மின்வெட்டுக்கு: டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லோட்/சேவ் → ஜெனரலில் தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடமாக இருக்கும். அதை 3 ஆக்குங்கள். சில கூடங்களில் கணினியை அணைத்ததும் பழைய நிலைக்கு மீட்கும் மென்பொருள் இருக்கும். அங்கே டெஸ்க்டாப்பில் வைத்தது மறுநாள் இருக்காது. எந்த இயக்ககம் தப்பிக்கிறது என்று ஒரு வெற்றுக் கோப்பை வைத்துச் சோதியுங்கள்.

அறிகுறி: ஒரு பத்தி மட்டும் திடீரென்று பேராசிரியர் நடையில்

எழுத்து அளவு மாறியிருக்கும், பின்னணியில் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும், நடுவில் நீல நிறத்தில் இணைய இணைப்பு இருக்கும். இணையத்திலிருந்து ஒட்டியது. வடிவமின்றி ஒட்டச் சொல்லிக்கொடுத்தால் இந்தத் தடயங்கள் மறைந்துவிடும். அதனால் அந்தக் குறுக்குவழியைச் சற்றுத் தாமதமாகவே சொல்லிக்கொடுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததில் தடயமே இருக்காது. அங்கே உதவுவது வரைவு வரிசைதான்: கைப்பிரதி, பின் 1, 2, 3. முதல் கோப்பே முழுமையாக வந்தால் மாணவரை உட்காரவைத்து, ‘இந்தப் பத்தியை இரண்டு வரியாகக் குறை’ என்று சொல்லுங்கள். தானே எழுதியவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

மேற்கோள்களையும் பாருங்கள். ‘நீரின்றி அமையாது உலகு’ என்று பலகைகளில் எழுதியிருப்பதை அப்படியே ஒட்டுவார்கள். குறள் 20 ‘நீர்இன்று அமையாது உலகெனின்’ என்று தொடங்கி, ‘வான்இன்று அமையாது ஒழுக்கு’ என்று முடிகிறது. பாதிக் குறளை முழு வாக்கியமாக்கியது அது.

அறிகுறி: பத்துக் கணினி, நாற்பது பிள்ளைகள்

ஒரு கணினிக்கு நால்வர் உட்கார்ந்தால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். இருபது பேர் திரையில், இருபது பேர் அச்சிட்ட வரைவோடு மேசையில். 40 நிமிடப் பாடவேளையில் 18-ஆம் நிமிடம் இடம் மாற்றுங்கள், கடைசி 4 நிமிடம் சேமிக்க. திரை முன் இருவரில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அடிக்க வேண்டும். காதில் இடறும் வாக்கியம் கண்ணில் இடறுவதில்லை. எலி ஒரே கையில் தங்கிவிட்டால், கட்டுரை யாருடையதோ அவர் படிப்பவர், மற்றவர் அடிப்பவர் என்று விதி வையுங்கள்.

அறிகுறி: கணினியில் நன்றாகத் திருத்துகிறார்கள், தேர்வுத்தாளில் பழையபடி

பொதுத் தேர்வு கையெழுத்தில்தான். அங்கே பத்தியை நகர்த்தும் அம்பு கிடையாது. அதனால் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் முதல் சுற்றை எழுதுவதற்கு முன்னால் நகர்த்துங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், பத்திக்கு ஒரு வரியாகக் குறிப்பு எழுதி, வரிசை எண் போட்டு, பிறகு கட்டுரை. திரையில் பின்னால் எழுதிய அதே ஓரக் குறிப்புதான். இரண்டாம் சுற்றுக்கு இரட்டை இடைவெளியில் அச்சிட்ட வரைவைக் கொடுத்து, பேனாவால் மட்டும் திருத்தச் சொல்லுங்கள்: வெட்டுக்கோடு, இடைச்செருகல் குறி, அம்புக்குறி. தேர்வில் ஐந்து நிமிடம் மிஞ்சினால் முதலில் ‘வேண்டும்’ என்று முடியும் வரிகளைப் பார்க்கட்டும். சந்தி அதற்குப் பிறகு.